போடாக்ஸா, டிஸ்போர்ட்டா, வேறு ஏதாவதா? புருவ நடுவில் இரண்டு கோடுகள், கையில் நான்கு பெயர்கள்

நடுநிசிவாசகி:
எனக்கு 42 வயது. இரண்டு புருவங்களுக்கும் நடுவே 11 என்று எழுதி வைத்ததுபோல் இரண்டு கோடுகள். சும்மா உட்கார்ந்து புத்தகம் படித்துக்கொண்டிருந்தால்கூட "என்ன கோபம்?" என்று கேட்கிறார்கள். கோபமே இல்லை என்று சொல்லிச் சொல்லியே இப்போது உண்மையில் கோபம் வருகிறது.

கோட்டை மங்க வைக்கும் ஊசி போட்டுக்கொள்ளலாம் என்று முடிவு செய்து தோல் மருத்துவரிடம் போனேன். அவர் போடாக்ஸ், டிஸ்போர்ட், ஸியோமின் என்று மூன்று பெயர்களைச் சொல்லி "எது வேண்டுமானாலும் போடலாம்" என்றார். வெளியே வரும்போது வரவேற்பில் இருந்தவர் டாக்சிஃபை என்று நான்காவதாக ஒன்றைச் சொன்னார், ஆறு மாதம் நிற்குமாம். ஒன்றுக்கு 20 யூனிட், ஒன்றுக்கு 50, இன்னொன்றுக்கு 40. ஐம்பது என்றால் இரண்டரை மடங்கு மருந்து முகத்துக்குள் போகிறது என்று அர்த்தமா? போட்டுக்கொண்டவர்கள் சொல்லுங்கள்.

கணக்குப்புலி:
யூனிட் குழப்பத்தை முதலில் தீர்த்துவிடலாம். யூனிட் என்பது எடை அளவு இல்லை, மருந்தின் வீரியத்துக்கான அளவு. எலிகளிடம் எவ்வளவு வேலை செய்கிறது என்று பார்த்து நிர்ணயித்த கணக்கு அது. ஒவ்வொரு நிறுவனமும் அதை ஒவ்வொரு முறையில் சோதிக்கிறது. அதனால் ஒரு நிறுவனத்தின் யூனிட்டும் இன்னொரு நிறுவனத்தின் யூனிட்டும் ஒன்றல்ல. மருந்துத் தாளிலேயே "மற்றதோடு மாற்றிக் கணக்கிடாதீர்கள்" என்று அச்சடித்திருப்பார்கள்.

புருவ நடுவுக்கு அனுமதிக்கப்பட்ட அளவுகள்: போடாக்ஸ் 20, ஸியோமின் 20, ஜூவோ 20, லெட்டிபோ 20, டிஸ்போர்ட் 50, டாக்சிஃபை 40. ஆறும் கிட்டத்தட்ட ஒரே வேலையைச் செய்யும் அளவுகள். 50 என்பது அதிகம் இல்லை, அது வேறு அளவுகோல், அவ்வளவுதான்.

இதில் ஒரு வியாபார விஷயமும் இருக்கிறது. "எங்களிடம் ஒரு யூனிட் விலை பாதிதான்" என்று யாராவது சொன்னால், எந்த மருந்தின் யூனிட் என்று கேளுங்கள். யூனிட் விலையை விட்டுவிட்டு, இந்த இடத்துக்கு மொத்தம் எவ்வளவு ஆகும் என்று கேட்டு ஒப்பிடுங்கள்.

வெள்ளைக்கோட்டு:
தோல் மருத்துவராக இருக்கிறேன். இந்தக் கேள்வி வாரத்துக்கு நான்கு முறையாவது என் மேசைக்கு வரும்.

நீங்கள் சொன்ன நான்கும், கணக்குப்புலி சேர்த்த இரண்டும், எல்லாமே பொட்டுலினம் என்ற பாக்டீரியா நச்சின் ஏ வகைதான். வேலை செய்யும் விதமும் ஒன்றுதான். நரம்பு தசைக்கு "சுருங்கு" என்று சொல்ல அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளை அனுப்புகிறது. அதை வெளியே தள்ளும் பொறியில் ஸ்நாப்-25 என்று ஒரு புரதம் உண்டு. மருந்து அந்தப் புரதத்தை வெட்டிவிடுகிறது. கட்டளை வராததால் தசை ஓய்ந்து நிற்கிறது, மேலே தோல் மடிவதில்லை. நரம்பு முனை மெதுவாகத் தன்னைச் சரிசெய்துகொள்ளும்போது தசை மறுபடி விழித்துக்கொள்கிறது. பெரும்பாலானவர்களுக்கு அது மூன்று, நான்கு மாதத்தில் நடக்கும்.

ஆகவே வித்தியாசம் உள்ளே இருக்கும் நச்சில் பெரிதாக இல்லை, அதைச் சுற்றிப் பொதிந்திருப்பவற்றில்தான். ஸியோமினில் நச்சோடு ஒட்டியிருக்கும் துணைப் புரதங்களை நீக்கிவிடுகிறார்கள். திறக்காத குப்பியைக் குளிர்பெட்டிக்கு வெளியிலும் வைக்கலாம். டிஸ்போர்ட்டில் பசும்பால் புரதம் மிகச் சிறிய அளவில் இருக்கக்கூடும், பால் புரத ஒவ்வாமை உள்ளவர்களுக்கு அதைப் போடக்கூடாது. டாக்சிஃபையில் ஆல்புமின் என்ற மனித ரத்தப் புரதத்துக்குப் பதிலாக ஒரு பெப்டைடு (சிறு புரதத் துண்டு) சேர்த்திருக்கிறார்கள்.

டிஸ்போர்ட் ஓரிரு நாள் முன்னதாக வேலை தொடங்குகிறது என்று பலர் சொல்வார்கள், நானும் சிலரிடம் பார்த்திருக்கிறேன். எதைப் போட்டாலும் முழுப் பலனைப் பார்க்க இரண்டு வாரம் காத்திருக்கத்தான் வேண்டும். ஆண்டுக்கணக்கில் யோசித்துவிட்டு ஊசி போட வருபவருக்கு அந்த இரண்டு நாளில் என்ன இருக்கிறது?

மூன்றாம்மாடி:
டிஸ்போர்ட் அதிகம் பரவும், நெற்றிக்கு நல்லது, கண்ணோரத்துக்கு ஆகாது என்று நான் போன இடத்தில் சொன்னார்களே?

வெள்ளைக்கோட்டு:
பரவுவது முக்கியமாக எத்தனை யூனிட், எவ்வளவு உப்புநீரில் கலக்கியது, எவ்வளவு ஆழத்தில் குத்தியது என்பதைப் பொறுத்தது. போடாக்ஸ் 100 யூனிட் குப்பியில் 2.5 மில்லி உப்புநீர் ஊற்றினால் 0.1 மில்லிக்கு 4 யூனிட் வரும். புருவ நடுவில் ஐந்து இடங்களில் அந்த 0.1 மில்லி வீதம் போட்டால் 20 ஆகிவிட்டது. அதே குப்பியை இன்னும் நீர்க்கக் கலக்கினால் அதே 4 யூனிட்டுக்கு அதிக நீர் உள்ளே போகும், பரப்பும் விரியும். மருந்தின் பெயர்மேல் பழி போடுவது சுலபம், கலக்கிய கையைக் கேட்பது கஷ்டம்.

ஒற்றைக்கண்:
வருகிறேன், வருகிறேன். இந்த இழைக்கு நான் வராமல் எப்படி?

போன வருடம் போட்டுக்கொண்டேன். எங்கே, எந்த மருந்து என்பது வேண்டாம். ஆறாம் நாள் காலையில் பல் துலக்கக் கண்ணாடி முன் நின்றால் இடது இமை பாதிக் கண்ணை மூடியிருந்தது. தூக்கக் கலக்கம் என்று நினைத்து முகம் கழுவினேன். மறுபடி பார்த்தேன். அதேதான். ஐந்து வாரம் அப்படியே போனது. அலுவலகக் காணொளிக் கூட்டங்களில் கேமராவை அணைத்துவிட்டு "இணையம் சரியில்லை" என்றே ஓட்டினேன். ஒருநாள் மேலாளர் என் இணைப்பைச் சரிசெய்ய ஆள் அனுப்புகிறேன் என்று கிளம்பிவிட்டார்.

மருந்து மாற்றியிருந்தால் தப்பித்திருப்பேனா என்று இன்னும் யோசிக்கிறேன்.

வெள்ளைக்கோட்டு:
உங்களுக்கு நடந்ததற்கு வருந்துகிறேன். மருந்தை மாற்றியிருந்தாலும் தப்பியிருப்பீர்கள் என்று சொல்ல முடியாது. மேல் இமையைத் தூக்கும் தசை கண்குழிக்குள் புருவத்துக்குச் சற்றுக் கீழே இருக்கிறது. புருவ நடுவில் போட்ட மருந்து கொஞ்சம் கீழிறங்கி அதைத் தொட்டால் இமை சரியும். ஆய்வுகளில் 100 பேருக்கு மூன்று பேர் வரை என்ற கணக்கில் எல்லா மருந்துக்கும் இது வந்திருக்கிறது. கண்குழி விளிம்பு எலும்பிலிருந்து ஒரு சென்டிமீட்டராவது மேலே போட வேண்டும் என்று சொல்வது அதற்காகத்தான்.

இன்னொருவருக்கும் உதவும் என்பதால் சொல்கிறேன். இமை சரிந்தால் அப்ராக்ளோனிடின் என்ற கண்சொட்டு மருந்தை மருத்துவர் எழுதித் தரலாம். இமையில் முல்லர் தசை என்று இன்னொரு சிறு தசை இருக்கிறது, சொட்டு மருந்து அதைத் தூண்டி ஓரிரு மில்லிமீட்டர் தூக்கிக் கொடுக்கும். அது குணப்படுத்தாது, நாளை ஓட்ட உதவும். ஃபில்லர் (பள்ளத்தை நிரப்பும் ஊசி) போட்டது பிடிக்காவிட்டால் ஹயலுரானிடேஸ் என்ற நொதியால் கரைக்க முடியும் (ஹயலுரானிக் அமிலத்தால் ஆனதாக இருந்தால்). இந்த ஊசிக்கு அப்படி மாற்று மருந்து கிடையாது. காலம்தான் மருந்து.

ஒற்றைக்கண்:
எனக்கு அந்தச் சொட்டு மருந்தைப் பற்றி யாரும் சொல்லவேயில்லை டாக்டர். "போகப் போகச் சரியாகிவிடும்" என்று போனிலேயே முடித்துவிட்டார்கள்.

வேப்பங்காற்று:
மன்னிக்கவும், ஒரு அடிப்படைக் கேள்வி. இது விஷம்தானே? கெட்டுப்போன டப்பாவில் உண்டாகும் விஷத்தைக் காசு கொடுத்து நெற்றியில் ஏற்றிக்கொண்டு, அதில் எந்த விஷம் நல்ல விஷம் என்று விவாதமா?

கணக்குப்புலி:
விஷம்தான், மறுக்கவில்லை. பெயரே அதைச் சொல்கிறது. பொட்டுலஸ் என்றால் லத்தீனில் இறைச்சிக் குழல். 1820களில் யுஸ்டினுஸ் கெர்னர் என்ற ஜெர்மன் மருத்துவர் கெட்ட இறைச்சிக் குழலைத் தின்று செத்தவர்களைப் பற்றி எழுதினார். தசையை ஓய வைக்கும் இந்தப் பொருளை மருந்தாகவும் பயன்படுத்தலாம் என்று அப்போதே ஊகித்தவர் அவர். கவிஞரும்கூட.

மருந்தாக்கிக் காட்டியவர் சான் பிரான்சிஸ்கோவின் கண் மருத்துவர் ஆலன் ஸ்காட். மாறுகண்ணுக்காக. 1989-ல் மாறுகண், தானாக இறுகி மூடும் இமை இரண்டுக்கும் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. சுருக்கம் போகிறது என்பதைக் கவனித்தவர்கள் வான்கூவரில் இருந்த கரத்தர்ஸ் தம்பதி. மனைவி ஜீன் கண் மருத்துவர், கணவர் அலஸ்டேர் தோல் மருத்துவர். இறுகும் இமைக்கு ஊசி போட வந்தவர் புருவ நடுவில் போட்டால் முகம் நிம்மதியாகத் தெரிகிறது என்று சொல்லப்போய், இருவரும் அதைப் பின்தொடர்ந்து 1992-ல் கட்டுரை வெளியிட்டார்கள். போடாக்ஸுக்குப் புருவ நடுக் கோட்டுக்கென 2002-ல், கண்ணோரத்துக்கு 2013-ல், நெற்றிக்கு 2017-ல் அனுமதி வந்தது. மற்றவை புருவ நடுவுக்கு அனுமதி பெற்ற ஆண்டு: டிஸ்போர்ட் 2009, ஸியோமின் 2011, ஜூவோ 2019, டாக்சிஃபை 2022, லெட்டிபோ 2024. எல்லாம் அமெரிக்கக் கணக்கு.

எனக்கு ஒற்றைத் தலைவலிக்காகப் போடுகிறார்கள். மாதத்தில் பாதி நாள் இருட்டறையில் படுத்துக் கிடந்தவன், இந்த விஷத்துக்கு நன்றியுள்ளவன்.

வேப்பங்காற்று:
தலைவலிக்கு என்றால் புரிகிறது. கோட்டுக்கு என்றால் எனக்கு இன்னும் ஒப்பவில்லை. ஆனால் கவிஞர் தகவலுக்கு நன்றி.

தாளம்:
நான் மேடையில் ஆடுபவள். புருவம் எனக்குத் தொழில் கருவி. புருவத்தை நெறிக்க முடியாவிட்டால் பாதிப் பாத்திரம் போய்விடும். அதனால் எந்தப் பெயர் என்பதைவிட எவ்வளவு குறைவாக என்பதுதான் என் கேள்வியாக இருந்தது. மருத்துவரிடம் "எனக்கு அசைவு வேண்டும், ஆழம் மட்டும் குறையட்டும்" என்றேன். பாதி அளவுக்குச் சற்று மேலே போட்டார். பத்து வாரத்தில் கலையத் தொடங்கியது, அளவைக் குறைத்தால் அப்படித்தான் என்று முன்னாலேயே சொல்லியிருந்தார்.

ஒரு விஷயம், நடுநிசிவாசகி. உங்கள் கோடு புருவத்தை நெறிக்கும்போது மட்டும் வருகிறதா, சும்மா இருக்கும்போதும் நிற்கிறதா? என் மருத்துவர் முதலில் பார்த்தது அதைத்தான்.

நடுநிசிவாசகி:
சும்மா இருக்கும்போதும் இருக்கிறது. நெறித்தால் இன்னும் ஆழமாகிறது.

வெள்ளைக்கோட்டு:
தாளம் சரியான இடத்தைத் தொட்டிருக்கிறார். அசைவில் மட்டும் வரும் கோடு இரண்டு வாரத்தில் காணாமல் போய்விடும். ஓய்விலும் நிற்கும் கோடு என்றால் தோலிலேயே மடிப்புப் பதிந்துவிட்டது என்று பொருள். தசையை ஓய வைத்தால் அது மங்கும், முழுதாக அழியாமல் போகலாம். இரண்டு, மூன்று முறைக்குப் பிறகு இன்னும் மங்குவது உண்டு. எந்தப் பெயரை எடுத்தாலும் இதில் மாற்றம் இல்லை. இதை முதல்நாளே தெரிந்துகொண்டால் மூன்றாம் வாரத்தில் "மருந்து போலி" என்று சண்டை வராது.

நெற்றியும் சேர்த்துச் செய்யலாமா என்று கேட்பீர்கள். புருவத்தை மேலே தூக்குவது நெற்றித் தசை ஒன்றுதான். மேல் இமைத் தோல் தளர்ந்திருப்பவர்கள் தங்களுக்கே தெரியாமல் நாள் முழுவதும் அந்தத் தசையால் புருவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருப்பார்கள். அதை ஓய வைத்தால் புருவம் இறங்கிக் கண் கனத்துப் போகும். கண்ணை மூடி, நெற்றியைத் தளர்த்தி, மெதுவாகத் திறந்து பாருங்கள். திறக்கும்போதே நெற்றி மடிகிறதென்றால் முதல்முறை நெற்றியை விட்டுவிடுவேன் நான்.

மூன்றாம்மாடி:
ஆறு மாதம் நிற்கும் ஒன்று இருக்கும்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஏன் ஓட வேண்டும்? யாரும் அதைப் பேசவில்லையே.

ஒற்றைக்கண்:
என் இமை சரிந்தபோது ஐந்து வாரமே ஒரு யுகமாக இருந்தது. அதனால் முதல்முறை போடுபவர் யாராவது நீண்ட நாள் நிற்பதைக் கேட்டால் எனக்கு நெஞ்சு பதறும். பிடித்தால் ஆறு மாதம் சந்தோஷம். பிடிக்காவிட்டால்?

வெள்ளைக்கோட்டு:
பயத்தைக் கொஞ்சம் சரிசெய்கிறேன். இமைச் சரிவு பொதுவாக மருந்தின் முழு ஆயுள்வரை இருக்காது. அங்கே போய்ச் சேர்ந்த அளவு கொஞ்சம் என்பதால் முன்னதாகவே தெளியும். ஆனால் புருவம் ஏறி நிற்பது, முகம் பிடிக்காமல் போவது போன்றவை நீண்ட நாள் மருந்தில் நீண்ட நாள் இருக்கும் என்பது நியாயமான கவலை. டாக்சிஃபை ஆய்வில் பாதிப் பேருக்குச் சுமார் 24 வாரம் பலன் நின்றது. பயன்படுத்தும் மருத்துவர்கள் பலர் தங்களிடம் வருபவர்களுக்கு அவ்வளவு நிற்பதில்லை என்கிறார்கள். என் வழக்கம், ஒருவருடைய அளவு இன்னது என்று இரண்டு முறை போட்டுத் தெரிந்த பிறகே அதைப் பற்றிப் பேசுவது.

கணக்குப்புலி:
ஸியோமின் என்றால் உடம்பு பழகிப்போகாது என்கிறார்களே, அது உண்மையா டாக்டர்? தலைவலிக்கு எனக்கு அதிக அளவு போடுகிறார்கள், அதனால் கேட்கிறேன்.

வெள்ளைக்கோட்டு:
மருந்தை முறிக்கும் எதிர்ப்பொருள் சிலருக்கு உருவாகும். முகச் சுருக்கத்துக்குப் போடும் அளவில் அது அரிது. துணைப் புரதம் இல்லாததால் ஸியோமினில் வாய்ப்பு குறைவு என்ற கருத்துக்கு அடிப்படை உண்டு, ஆனால் முகத்துக்கு மட்டும் போடுபவர் அதற்காகவே தேர்ந்தெடுக்க வேண்டிய அளவுக்கு வித்தியாசம் என்று நான் நினைக்கவில்லை. மூன்று மாதம் முடிவதற்குள் அடிக்கடி சேர்த்துச் சேர்த்துப் போடுவதைத் தவிர்ப்பது எல்லா மருந்துக்கும் பொருந்தும். உங்கள் விஷயம் அதிக அளவு என்பதால் உங்கள் நரம்பியல் மருத்துவரிடம் கேளுங்கள்.

வேப்பங்காற்று:
ஒப்பவில்லை என்றாலும் கடைசிவரை படித்துக்கொண்டுதான் இருக்கிறேன். யாருக்கெல்லாம் போடவே கூடாது என்பதை ஒருவரும் எழுதவில்லையே?

வெள்ளைக்கோட்டு:
நல்ல கேள்வி, நான்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். கர்ப்பிணிகள், பாலூட்டுபவர்கள் தள்ளிப்போட வேண்டும். மயஸ்தீனியா கிராவிஸ் போன்ற நரம்பு-தசை நோய் உள்ளவர்கள், ஊசி போடும் இடத்தில் தொற்று உள்ளவர்கள், முன்பு இவ்வகை மருந்துக்கு ஒவ்வாமை வந்தவர்கள் போடக்கூடாது. ஜென்டாமைசின் வகை ஆன்டிபயாட்டிக் எடுத்துக்கொண்டிருந்தால் சொல்லிவிட வேண்டும், அது மருந்தின் விளைவைக் கூட்டும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு நீலம் கட்டும், ஆனால் அதைத் தாமாக நிறுத்தக்கூடாது.

போட்டபின் விழுங்கவோ பேசவோ மூச்சுவிடவோ சிரமம் வந்தால், அது சில மணி நேரத்தில் வந்தாலும் சில வாரத்தில் வந்தாலும், உடனே அவசர சிகிச்சைக்குப் போங்கள். மருந்து தூரப் பரவியதன் அறிகுறி அது. முகத்துக்கான அளவில் மிக அரிது, ஆனால் 2009-ல் அமெரிக்காவில் மருந்துத் தாளில் பெட்டி கட்டிய எச்சரிக்கையாக இதை அச்சிட வைத்தார்கள்.

அப்புறம் குப்பி. உங்கள் கண்முன்னால் குப்பியைக் காட்டச் சொல்லுங்கள். பெயர், லாட் எண் (தயாரிப்புத் தொகுதி எண்), காலாவதித் தேதி மூன்றையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். 2024-ல் அமெரிக்காவில் போலி மருந்து போட்டுக்கொண்ட சிலர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். வீட்டுக் கூடத்தில், ஒப்பனை நிலையத்தில், தள்ளுபடிக் கூப்பனில் போடுவது வேண்டாம். குப்பியைக் காட்டத் தயங்குகிற இடத்தில் அந்த நாற்காலியை விட்டு எழுந்துவிடுங்கள்.

நடுநிசிவாசகி:
எல்லோருக்கும் நன்றி. நேற்று போட்டுக்கொண்டேன். பெயரைக் கேட்காமல் அந்த மருத்துவரிடம் மூன்று கேள்வி கேட்டேன். நீங்கள் அதிகம் கையாள்வது எது, இமை சரிந்தால் என்ன செய்வீர்கள், இரண்டாம் வாரம் என்னை யார் பார்ப்பார்கள்? முதல் மருத்துவர் மூன்றாவது கேள்விக்கு "தேவைப்படாது" என்றார். இன்னொருவரிடம் போனேன். அவர் பத்து வருடமாகப் போடாக்ஸ்தான் போடுகிறாராம், அதனால் அதுவே. சொட்டு மருந்தின் பெயரை நான் சொல்வதற்கு முன் அவரே சொன்னார். ஒற்றைக்கண்ணை அப்போது நினைத்துக்கொண்டேன்.

புருவ நடுவில் மட்டும் 20 யூனிட். ஐந்து குத்து, எறும்பு கடித்தாற்போல. நான்கு மணி நேரம் படுக்காதே, தேய்க்காதே, இன்று ஓடாதே என்றார்.

நடுநிசிவாசகி:
பதினைந்தாம் நாள். ஒன்று நன்றாக இருக்கிறது, ஒன்று வேடிக்கையாக இருக்கிறது. 11 இப்போது சும்மா இருக்கும்போது மெல்லிய பென்சில் கோடு அளவுக்குத்தான். ஆனால் வலது புருவத்தின் வெளி முனை இடதைவிடச் சற்று மேலே ஏறி நிற்கிறது. யாரையோ சந்தேகப்படுகிறவள் போல.

வெள்ளைக்கோட்டு:
நெற்றித் தசையின் வெளிப்பக்கம் தனியாக இழுக்கிறது. அந்தப் பக்கம் ஒன்று, இரண்டு யூனிட் போட்டால் இறங்கிவிடும். இரண்டாம் வாரச் சந்திப்பு இதற்காகத்தான்.

நடுநிசிவாசகி:
வியாழக்கிழமை போய் ஒரு யூனிட் போட்டுக்கொண்டேன். அவரும் அதைத்தான் சொன்னார். கோபமா என்று கேட்பது நின்றுவிட்டது. வியாழன்வரை "எதை நம்ப மாட்டேன் என்கிறாய்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

நடுநிசிவாசகி:
பதினான்காம் வாரம். கடைசிப் பதிவு. போன வாரத்திலிருந்து புருவத்தை லேசாக நெறிக்க முடிகிறது. லாட் எண், 20 கூட்டல் 1, எந்தெந்த இடம் என்று வரைந்த தாள் எல்லாம் ஒரு உறையில் போட்டு வைத்திருக்கிறேன். அடுத்த முறை வேறு பெயரை முயலலாமா என்று கேட்டேன். "இதே மருந்தில் உங்கள் அளவைக் கண்டுபிடித்த பிறகு மாற்றுங்கள், இல்லாவிட்டால் எது எதனால் என்று நமக்கே தெரியாது" என்றார். இந்த முறை வலது பக்கத்தை முதலிலேயே கவனித்து 18-ல் தொடங்குவதாகப் பேச்சு.